கெடு கடந்தால் உரிமையும் கடந்துவிடுமா?



அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, "தகுதி இல்லை" என்ற பதில் பெற்று, அதை எதிர்த்து மேல்முறையீடு செய்வதற்குரிய 30 நாள்களையும் தவறவிட்ட குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் அநேகம். அவர்களுக்குப் பொதுவாக இரண்டு ஆலோசனைகள் கிடைக்கின்றன. "நசீபு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள்" என்பது வீட்டுப் பெரியவர்கள் கூறுவது. "டாக்டர் சர்டிபிகேட் ஒன்று வாங்கிக் கொடுத்தால் தேதியைச் சரிக்கட்டிவிடலாம்" என்பது அலுவலக வாசலில் நிற்கும் தரகர்கள் கூறுவது. முதலாவது பொறுமையைப் போலத் தோற்றமளிக்கிறது. இரண்டாவது சாமர்த்தியத்தைப் போல. இரண்டையும் நாம் மறுக்கிறோம். கெடு கடந்தவர் தம் தாமதத்துக்கான உண்மையான காரணத்தை எழுதி, மேலும் அவகாசம் கேட்க வேண்டும். அது கையேந்துதலும் அன்று. தவக்குலுக்கு முரணானதும் அன்று.

எமது மஹல்லாவில் நடந்த ஒன்றைக் கூறுகிறோம். பெயர் தேவையில்லை. மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தமிழகத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டதை அனைவரும் அறிவோம். விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்கு அதற்கான காரணம் கைபேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. செய்தி கிடைத்த 30 நாள்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அறிவிக்கப்பட்டது. நாம் கூறும் சகோதரியின் கணவர் அவ்வாண்டு ஆகஸ்ட் 27 அன்று மவுத்தானார். செப்டம்பர் 20 அன்று மறுப்புச் செய்தி வந்தது. ஆனால் அது வந்தது, விண்ணப்பத்தில் கொடுக்கப்பட்டிருந்த கணவரின் எண்ணுக்கு. அந்தக் கைபேசி கணவரின் தம்பியிடம் இருந்தது. விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அது படிக்கப்படாமலே கிடந்தது. டிசம்பர் 10 அன்றுதான் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதற்குள் கெடு முடிந்து ஐம்பது நாள்கள் ஓடியிருந்தன.

மறுப்புக்குக் கூறப்பட்ட காரணம், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பம் என்பது. அந்த வீட்டைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். மூன்று சகோதரர்களின் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் பழைய வீடு அது. அடுப்புகள் மூன்று, குடும்ப அட்டைகள் மூன்று, மின் மீட்டர் ஒன்று. மூன்று குடும்பங்களின் மின்சாரமும் ஒரே கணக்கில் ஏறியிருக்கிறது. மேல்முறையீட்டில் விளக்கிச் சொல்லத்தக்க, எளிதில் நிறுவத்தக்க காரணம் இது. ஆயினும் டிசம்பரில் விவரம் தெரிந்தபோது வீட்டில் சொல்லப்பட்டது: "இத்தா முடியட்டும்." இத்தா முடிந்து ஜனவரி 5 அன்று இ-சேவை மையத்துக்குச் சென்றபோது, கெடு முடிந்து 77 நாள்கள் ஆகிவிட்டன, கணினி ஏற்காது என்று திருப்பி அனுப்பப்பட்டார். கதை அத்துடன் முடிந்தது. 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கிய பின்னரே அவர் புதிதாக விண்ணப்பித்தார். அவ்வாண்டு டிசம்பரில் தொகை வரத் தொடங்கியது. முதல் முறையே மேல்முறையீடு செய்து வென்ற பெண்கள் 7 லட்சத்துக்கும் அதிகம். அவர்களுக்கு 2023 நவம்பர் முதலே தொகை கிடைத்து வந்தது. இடைப்பட்ட 25 மாதங்களுக்கு 25,000 ரூபாய். தையல் இயந்திரத்தை நம்பி, மதரஸாவில் ஓதும் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண்ணுக்கு அத்தொகை எத்தகையது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முதலில் இத்தாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏனெனில் இது எழுத்துக்கூலி வாங்குபவர்களுக்கும் அலுவலர்களுக்கும் தெரியாத, நமக்கு மட்டுமே தெரிந்த செய்தி. கணவரை இழந்த பெண் நான்கு மாதங்களும் பத்து நாள்களும் காத்திருக்க வேண்டும் என்பது திருக்குர்ஆனின் கட்டளை. கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. சந்திர மாதக் கணக்கில் அது ஏறத்தாழ 128 நாள்கள். அரசாணைகள் வைக்கும் கெடுவோ பெரும்பாலும் 30 நாள்கள், சிலவற்றில் 60 அல்லது 90. கணவரின் மரணத்தால் ஒரு பெண்ணுக்கு உதவி மிகவும் தேவைப்படும் காலமும் அந்தக் கெடு ஓடும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. வெளியே செல்வது கூடாது என்று வீட்டார் கருதுவதால் உரிமை கைநழுவுகிறது.

இத்தாவில் விலக்கப்பட்டவை எவை? மறுமணமும், அலங்காரமும், நறுமணமும், தேவையின்றி வீட்டைவிட்டு வெளியேறுதலும். காகிதத்தில் கையொப்பமிடுவது விலக்கப்படவில்லை. தேவைக்காகப் பகலில் வெளியே சென்று இரவில் தம் இல்லத்தில் தங்குவதற்கு ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளும் கணவரை இழந்தவருக்கு இடமளிக்கின்றன. ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக்கின் இத்தாவில் இருந்தபோது தம் தோட்டத்துப் பேரீச்சம்பழங்களைப் பறிக்கச் செல்ல விரும்பினார்கள். ஒருவர் கண்டித்தார். நபி (ஸல்) அவர்களோ சென்று பறிக்கும்படி அனுமதித்து, அதிலிருந்து தர்மமோ நன்மையோ செய்ய வாய்க்கலாம் என்றும் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. அறுவடைக்கும் ஒரு கெடு உண்டல்லவா!

இதைவிட நம் சிந்தனைக்கு உரியது ஃபுரைஆ பின்த் மாலிக் (ரலி) அவர்களின் செய்தி. அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களின் சகோதரியான அவர்களுடைய கணவர், ஓடிப்போன தம் அடிமைகளைத் தேடிச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார். தாய்வீட்டாரிடம் சென்று தங்க அனுமதி கேட்டு அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். முதலில் அனுமதி கிடைத்தது. திரும்பிச் செல்லும்போது மீண்டும் அழைக்கப்பட்டு, விவரத்தை மறுபடியும் சொல்லச் செய்து, இத்தா முடியும்வரை அதே வீட்டில் இருக்குமாறு தீர்ப்புக் கூறப்பட்டது. கணவரை இழந்தவர் அதே வீட்டில் இத்தா இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஆலிம்கள் எடுத்துரைக்கும் முதன்மையான ஆதாரம் இந்த ஹதீஸ்தான். அந்த ஆதாரமே, இத்தாவிலிருந்த ஒரு பெண்மணி தாமே நேரில் சென்று தம் கோரிக்கையை முன்வைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது. இதை எடுத்துக்காட்டி ஒரு பெண்ணை மனு எழுதவிடாமல் தடுப்பவர்கள் ஹதீஸின் பாதியைத்தான் ஓதியிருக்கிறார்கள்.

இனி, காலக்கெடு என்பதையே நம் ஃபிக்ஹு எவ்வாறு நோக்குகிறது? ஷரீஅத்துக்குக் கெடு அந்நியமானதன்று. 'ஷுஃப்ஆ' என்னும் பாடத்தைப் பாருங்கள். பிரிக்கப்படாத நிலத்தில் கூட்டாளி ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்றால், மற்றக் கூட்டாளி அதே விலைக்கு அதைப் பெறும் முன்னுரிமை உடையவர். ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வுரிமையை, செய்தி தெரிந்த உடனே கோர வேண்டும். வீணே தாமதித்தால் உரிமை போய்விடும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதன் விளக்கம் வருகிறது. தொழுகையில் இருந்தால் முடித்துக்கொள்ளலாம். உணவில் இருந்தால் உண்டு முடிக்கலாம். நோயாளியாகவோ வெளியூரிலோ இருந்தால் ஒரு வகீலை நியமிக்க வேண்டும். அதுவும் இயலாவிடில், தாம் உரிமை கோருவதற்குச் சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தம்மால் இயன்ற இவற்றையும் செய்யாமல் விட்டவரின் உரிமையே வீழ்கிறது.

பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தச் சட்டத்தில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. காலம் ஓடத் தொடங்குவது செய்தி எட்டிய பின்னரே. நியாயமான உஸ்ர் இருந்தால் தாமதம் உரிமையை அழிக்காது. ஆனால் உஸ்ர் இருக்கும்போதும் இயன்றதைச் செய்தாக வேண்டும். மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். நோயாளி வகீலை நியமிக்க வேண்டும் என்றால், இத்தாவில் இருக்கும் பெண்ணின் சார்பில் அவருடைய சகோதரரோ மகனோ ஜமாஅத்தாரோ மனுவை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதுதானே பொருள்?

நாட்டின் சட்டமும் இதே திசையில்தான் செல்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, போதிய காரணம் காட்டினால் கெடு கடந்த மேல்முறையீட்டையும் நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்கள். போதிய காரணமிருந்தால் அதற்குப் பின்னரும் ஏற்கலாம் என்று சட்டத்திலேயே உள்ளது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 60 நாள்கள், அங்கும் அவ்வாறே. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் காலவரையறைக் கணக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் நீக்கியது. நாடே வீட்டுக்குள் இருந்தபோது எவரும் தம் உரிமையை இழக்கக் கூடாது என்ற நியாயம் அது. வீட்டுக்குள் இருக்கும் ஒரு விதவைக்கும் அந்த நியாயம் பொருந்தாதா என்று கேட்பதில் தவறில்லை.

1987ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அனந்த்நாக் நில எடுப்பு ஆட்சியருக்கும் காத்திஜி என்ற பெண்மணிக்கும் இடையிலான வழக்கு. மேல்முறையீடு நான்கு நாள்கள் தாமதம். உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது. தாமதமாக வருவதால் மனுதாரர் எந்த ஆதாயமும் அடைவதில்லை என்றும், ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் கேட்பதை அறிவுக்கு ஒவ்வாத அளவுக்குக் கொண்டுசெல்லக் கூடாது என்றும், நுட்பக் காரணத்தைவிட நியாயமே மேலானது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. இன்றுவரை இந்தியாவெங்கும் தாமத மன்னிப்பு மனுக்களில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது. அங்கே தாமதித்து வந்து அவகாசம் கேட்டவர் யார் தெரியுமா? அந்தப் பெண்மணி அல்லர், அரசாங்கம். ஆட்சியர் கேட்கலாம் என்றால் அவரிடம் மனுக் கொடுக்கும் பெண்ணும் கேட்கலாம்.

ஒன்றை மறைக்காமல் கூறிவிடுகிறோம். இச்சட்டப் பிரிவுகள் எல்லா உதவித் திட்டங்களுக்கும் நேரடியாகப் பொருந்திவிடுவதில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் அதனதன் அரசாணை உண்டு. சிலவற்றில் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் அதைப் பற்றிய பேச்சே இராது. அலுவலர் மறுக்கவும் கூடும். ஆயினும் எழுத்தில் கேட்டவருக்கே எழுத்தில் மறுப்புக் கிடைக்கும். அந்த மறுப்பு இருந்தால்தான் அடுத்த படிக்குச் செல்ல இயலும். கேட்காதவரிடம் எதுவும் இல்லை.

இப்போது தரகரின் ஆலோசனைக்கு வருவோம். இல்லாத நோய்க்குச் சான்றிதழ் வாங்குவது நம்மவர்களிடையே குற்ற உணர்வே இல்லாத பழக்கமாகிவிட்டது. "எல்லோரும் செய்வதுதான், அரசாங்கத்திடம்தானே" என்கிறார்கள். தபூக் போரின் நிகழ்ச்சியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். போருக்குச் செல்லாமல் பின்தங்கியவர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். வெளித்தோற்றத்தில் அவை ஏற்றுக்கொள்ளப்பட்டன. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் நாவன்மை மிக்கவர்கள். விரும்பியிருந்தால் எவரையும்விடச் சிறப்பாக ஒரு காரணத்தைப் புனைந்திருப்பார்கள். தமக்கு எந்த உஸ்ரும் இல்லை என்று உள்ளதைக் கூறினார்கள். ஐம்பது நாள்கள் ஊரே பேசாமல் ஒதுக்கியது. அதன்பின் இறங்கிய வசனம் அவரையும் அவரைப் போல் உண்மை கூறிய இருவரையும் மன்னித்தது; சாக்குச் சொன்னவர்களைக் கண்டித்தது.

உஸ்ரே இல்லாதவர் உண்மை பேசிய வரலாறு இது. நம் சகோதரிக்கோ உண்மையான உஸ்ர் கைநிறைய இருந்தது: கணவரின் மரணம், அவருடைய எண்ணுக்குச் சென்ற செய்தி, இத்தா. அவ்வளவையும் விட்டுவிட்டு, இல்லாத மஞ்சள் காமாலைக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துச் சான்றிதழ் வாங்கச் சொல்வது மார்க்கத்துக்கும் விரோதம், புத்திக்கும் விரோதம். பொய்ச் சான்றிதழ் கண்டுபிடிக்கப்பட்டால், நியாயமான மூலக் கோரிக்கையும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகும். அந்த ஆலோசனையை அவர் ஏற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உண்மையை எழுதித் தரலாம் என்பதை அவரிடம் சொல்லத்தான் அப்போது ஆளில்லை.

அந்த உண்மையை எப்படி எழுதுவது? நீளம் தேவையில்லை. அவருடைய மனு இவ்வாறு அமைந்திருக்கலாம்: "எனது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட குறுஞ்செய்தி 20.9.2023 அன்று, 27.8.2023 அன்று காலமான என் கணவரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அக்கைபேசி என்னிடம் இல்லை. 10.12.2023 அன்றுதான் விவரம் அறிந்தேன். என் சமயக் கடமைப்படி கணவர் இறந்த நாள்முதல் ஜனவரி முதல் வாரம்வரை இத்தா என்னும் துக்கக் காலத்தில் வீட்டில் இருந்தேன். ஆகவே மேல்முறையீடு செய்வதில் 77 நாள்கள் தாமதம் ஏற்பட்டது. இது வேண்டுமென்றே செய்ததன்று. தாமதத்தை மன்னித்து, இத்துடன் இணைத்துள்ள மேல்முறையீட்டைத் தகுதியின் அடிப்படையில் விசாரிக்குமாறு வேண்டுகிறேன்." இவ்வளவுதான். இறப்புச் சான்றிதழ், குறுஞ்செய்தியின் படம், இத்தாக் காலத்தை ஆங்கிலத் தேதிகளில் குறித்து ஜமாஅத் தரும் கடிதம் ஆகிய மூன்றையும் இணைத்தால் போதும். "ஸஃபர் மாதம் முதல்" என்று ஜமாஅத் கடிதம் எழுதினால் அலுவலருக்கு எதுவும் விளங்காது.

கவனிக்க வேண்டியது, தாமதத்தை மன்னிக்கும் மனுவும் மேல்முறையீடும் ஒன்றாகவே செல்ல வேண்டும் என்பது. "முதலில் அவகாசம் தரட்டும், பிறகு மேல்முறையீடு எழுதலாம்" என்று காத்திருப்பது மேலும் தாமதம். ஆவணங்கள் முழுவதும் சேரவில்லையா? இருப்பவற்றை வைத்துத் தாக்கல் செய்துவிட்டு, எஞ்சியவற்றைப் பின்னர்த் தருவதாக எழுதலாம். கெடு இன்னும் முடியாமல் இருக்கும்போதே நேரம் போதாது என்று தெரிந்தால், முடிவதற்குள்ளேயே அவகாசம் கேட்டு மனுக் கொடுப்பது மிகச் சிறந்தது. முடிந்த பின் வருபவரைவிட முடியுமுன் வருபவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

"கணினி ஏற்காது" என்பது முடிவான பதிலன்று. இணையதளம் மூடப்பட்டிருக்கலாம், அலுவலகம் மூடப்படவில்லை. இ-சேவை மைய ஊழியர் மனுவைத் தீர்மானிக்கும் அதிகாரி அல்லர். காகிதத்தில் எழுதி, மேல்முறையீட்டு அலுவலரின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியரகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறலாம். பதில் வராவிடில், மனு எந்த நிலையில் உள்ளது, எந்த விதியின்கீழ் முடிவெடுக்கப்பட்டது என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். நியாயமின்றி மறுக்கப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு, அவர்களின் வருமானம் எவ்வளவாயினும், அங்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இந்தச் செய்தி எத்தனை ஜும்ஆ மேடைகளில் கூறப்பட்டிருக்கிறது?

"அல்லாஹ் விதித்ததை எதிர்த்து மனுப் போடுவதா?" என்று கேட்கும் நல்லவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அலுவலர் ஒருவரின் ஆணை வஹீ அன்று. கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள், கணவர் ளிஹார் செய்துவிட்டபோது, சாதகமான பதில் கிடைக்காத நிலையிலும் நபி (ஸல்) அவர்களிடமே மீண்டும் மீண்டும் முறையிட்டார்கள். தம் பிள்ளைகளின் நிலையையும் எடுத்துச் சொன்னார்கள். அந்த வாதாட்டத்தின் பெயரிலேயே திருக்குர்ஆனில் 58ஆவது அத்தியாயம் வழங்குகிறது. அவர்களை எவரும் நசீபை எதிர்த்தவர் என்று கூறியதில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மவுத் நடந்த வீட்டுக்குக் கஃபன் துணியிலிருந்து சந்தூக்கு வரை அனைத்தையும் ஒழுங்காகச் செய்கிறீர்கள், அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. மூன்றாம் நாள் கூடும்போது, இரண்டு எழுத்தறிந்த இளைஞர்களை அவ்வீட்டுக்கு அனுப்புங்கள். நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எவை, எந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள், எந்தத் தேதி எதற்குக் கடைசி என்று ஒரு தாளில் குறித்து வாங்கட்டும். இத்தா முடியும்வரை அப்பெண்ணின் கையொப்பத்துடன் மனுக்களை எடுத்துச் செல்லும் பொறுப்பு அவர்களுடையதாக இருக்கட்டும். அலுவலகம் பிரதிநிதியை ஏற்காவிட்டால், பகலில் உரிய துணையுடன் அவரே சென்று வரலாம் என்பதை இமாம் அவர்கள் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மேலும், இறந்தவரின் கைபேசி எண்ணை அவசரப்பட்டுத் துண்டித்துவிடாதீர்கள். குறைந்தது ஓராண்டுக் காலம் அதற்குப் பணம் செலுத்தி, வரும் செய்திகளை வாரம் ஒருமுறையேனும் வீட்டில் ஒருவர் படித்து வரட்டும். அந்தக் காலத்துக்குள் ஆதார், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை ஆகியவற்றில் அப்பெண்ணின் சொந்த எண்ணைப் பதிவு செய்துவிடலாம்.